திரை இழுத்தவருக்கு ஓர் அட்டை

1

புதுச்சேரியிலிருந்து லியோனுக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகப்போகிறது. பெட்டியில் கொண்டுவந்த ஊறுகாயும் வற்றலும் தீர்ந்துவிட்டன. கோபம் மட்டும் தீரவில்லை. யாரிடம் ஆரம்பித்தாலும் "விடு" என்கிறார்கள். கணவர் சொல்கிறார், மகள் தொலைபேசியில் சொல்கிறாள், ஊரில் தம்பி சொல்கிறான். விட முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் இங்கே நகராட்சி நாடக அரங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என் வேலைக்குப் பிரெஞ்சில் 'அபியேஸ்' என்று பெயர். நடிகர்களுக்கு உடை மாற்றிவிடுபவள். மதியம் போய் முந்தைய நாளின் வியர்வைத் துணிகளைத் துவைக்க வேண்டும்; இஸ்திரி போட வேண்டும்; பிய்ந்த கொக்கிகளைத் தைத்து, யாருடைய உடை எந்த வரிசையில் என்று மாட்டிவைக்க வேண்டும். நாடகம் ஆரம்பித்ததும் மேடையின் பக்கவாட்டில், இருட்டில், சட்டைக் காலரில் நாலைந்து ஊக்குகளைக் குத்திக்கொண்டு நிற்பேன். ஒரு நடிகை அழுதுகொண்டே உள்ளே ஓடிவருவாள். அவள் விதவை. அரை நிமிடத்தில் அவளைக் கல்யாணப் பெண்ணாக்கி மறுபக்கம் அனுப்ப வேண்டும். அந்த அரை நிமிடத்தில் அவள் எதையும் பார்க்க மாட்டாள். கையை நீட்டுவாள், காலைத் தூக்குவாள், அவ்வளவுதான். மீதியெல்லாம் என் விரல்கள். அவள் வெளிச்சத்துக்குள் போன பிறகு நான் கீழே கிடக்கும் கறுப்பு உடையைக் குனிந்து எடுப்பேன்.

இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். பிறகு இதே அரங்கத்தின் சலவை அறையில் சேர்ந்தேன். அங்கிருந்து மேடையோரத்துக்கு வர ஒன்பது வருடம் ஆனது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இல்லை.

2

இதை ஊரில் விளக்குவது இருக்கிறதே, அது வேலையைவிடக் கடினம்.

"தியேட்டரில் வேலை" என்றதும் எல்லாரும் சினிமாக் கொட்டகை என்று எடுத்துக்கொண்டார்கள். "இம்மாந்தூரம் போயி டிக்கெட்டா கிழிக்கிற?" என்று என் தம்பி பழனியே கேட்டான். பழனிக்கு ரெட்டியார்பாளையத்தில் வீடு; எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். நல்லவன். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அந்த நாலு பேர் வாயைத் திறக்கும் முன்பே யோசித்துவிடுபவன்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு விடுமுறைக்கு மகள் நிலாவோடு ஊருக்குப் போயிருந்தேன். அப்போது அவளுக்கு வயதும் பதினொன்று. பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுவாள். பழனி வீட்டுக்கு வந்திருந்த அவன் மனைவி வழி உறவினர்கள் அவளிடம் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். குழந்தை பெருமையாகச் சொன்னது: "எங்க அம்மா நடிகருங்க எல்லாரையும் மாட்டி விடுறாங்க!"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவள் தமிழில் வாயைத் திறப்பது குறைந்தது. நான் கேட்பது தமிழ், அவள் சொல்வது பிரெஞ்சு என்று ஆனது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அன்று மாலையே பழனி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "அக்கா, காஸ்ட்யூம் டிசைனர்னு சொல்லிட்டுப் போவோமே. யாரு வந்து பாக்கப்போறா?" நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

லியோனுக்குத் திரும்பியதும் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயின் தொழில் என்ற இடத்தில் நிலா 'கொஸ்த்யூமியேர்' என்று எழுதியிருந்தாள். உடைகளை உருவாக்கித் தைப்பவரை இங்கே அப்படிச் சொல்வார்கள். அது நான் இல்லையே என்றேன். "அபியேஸ்னு எழுதினா வேலைக்காரின்னு நினைப்பாங்க, அம்மா" என்று பிரெஞ்சில் சொன்னாள். அதிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆக, என்மேல் பிரியமுள்ள இரண்டு பேர், கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், என் வேலைக்கு வேறு பெயர் வைத்தார்கள். நான் இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

3

நான் இந்த வேலையைப் பிரான்சில் கற்கவில்லை. முதலியார்பேட்டையில் கற்றேன். அப்பா மில் தொழிலாளி. மில் சரியாக ஓடாத நாட்களில் வீட்டில் தையல் இயந்திரம் ஓடியது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என்னை, ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைக்கக் கூப்பிட்டார்கள். குழுவை நடத்தி நாடகங்களை இயக்கியவர் ஒரு தமிழ்ப் பேராசிரியர். நாங்கள் வாத்தியார் என்போம். நடித்தவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், கல்லூரி மாணவர்கள். எனக்கு இருபது வயதுதான். ஆனாலும் என்னைவிட மூத்தவர்கள்கூடத் 'துணியக்கா' என்றார்கள்.

அங்கே தனசேகர் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். மேடை கட்டுவது, விளக்கு மாட்டுவது, திரை இழுப்பது, நடுவில் நாற்காலிகளை மாற்றுவது எல்லாம் அவர். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஸ்க்ரீன்' என்பார்கள். "டேய் ஸ்க்ரீனு, இத்தத் தூக்கு." "ஸ்க்ரீனு, தண்ணி கொண்டா." அவரைவிடச் சின்னவர்களும் அப்படித்தான். நான் ஒருத்திதான் சேகரண்ணே என்பேன்.

ஒரு நாடகத்தில் கதாநாயகியின் சேலைத் தலைப்பு குத்துவிளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. அவள் வசனம் பேசிக்கொண்டிருந்தாள்; அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்திருப்பதற்குள் திரை மூடிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது சேகரண்ணன் வெறுங்கையால் நெருப்பை அடித்து அணைத்துக்கொண்டிருந்தார். நான் அவளுக்கு வேறு சேலை கட்டினேன். அதற்குள் அவர் கருகிய பாயைச் சுருட்டி எடுத்துவிட்டு, புதுப்பாய் விரித்து, ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். திரை திறந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். பார்த்தவர்கள் அதைக் காட்சி மாற்றம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்த வாரம் ஒரு பத்திரிகை, சேலை நிறம் மாறிய அந்தக் காட்சியைப் பாராட்டி எழுதியது. இயக்குநரின் கற்பனை வளம் என்று எழுதியிருந்தது. சேகரண்ணன் கையில் மருந்து தடவிக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கணவருக்கு அவர் அப்பா வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தோம்.

இங்கே மேடையில் நின்ற முதல் நாள், தொங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி 'கோர்த்', அதாவது கயிறு, என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் உறைந்துபோனார்கள். நாடக அரங்குக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆபத்து என்று இங்கே ஒரு நம்பிக்கை. தடித்தது, மெல்லியது, பாரம் தூக்குவது, திரைக்கானது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருக்கிறதாம். அபராதமாக எல்லாருக்கும் குடிக்க வாங்கித்தர வேண்டியிருந்தது. மேலே பரணில் நின்று திரையை இறக்குபவருக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு நடந்துபோகும்போது சேகரண்ணனை நினைத்துக்கொண்டேன். இங்கே கயிற்றுக்கே நாலைந்து பெயர். அவருக்கு ஸ்க்ரீன்.

4

இந்தத் தை மாதம் பழனியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்காக ஊருக்குப் போயிருந்தேன். நிச்சயம் முடிந்த மூன்றாம் நாள் சேகரண்ணன் வந்தார். நீல நிற செக்யூரிட்டி சட்டை. மூலக்குளத்தில் ஓர் அபார்ட்மென்டில் காவல் வேலை. பகல் ஷிப்டுக்கு முன்னால் வந்திருந்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கும்பிடும்போதே தெரிந்தது.

"கோமதி, ஒரு லெட்டர் வேணும்மா" என்றார்.

கலைஞர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இருந்தால் அறுபது வயதுக்குப் பிறகு மாதம் ஓர் உதவித்தொகை. அவருக்கு இன்னும் இரண்டு வருடம்தான். விண்ணப்பித்திருக்கிறார், ஹெல்ப்பருக்கெல்லாம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே துறையில் இருக்கும் கலைஞர்கள் இரண்டு பேர் பரிந்துரைத்தால் மறுபடி பார்க்கிறோம் என்றார்களாம்.

"பணம் மட்டும் இல்லம்மா. நம்ம மிருதங்கக்காரரு போனப்ப ஆபீஸ்லருந்து மாலை எடுத்துக்கினு வந்தாங்க. கார்டு இருந்துச்சு அவருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வாத்தியார் கிட்ட ஒண்ணு வாங்கிடுவேன். நீ டிசைனராயிட்ட. ஃபாரின்ல வேற இருக்குற. உன் லெட்டர்னா செல்லும்."

பழனி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "அக்கா எழுதித் தருவாங்கண்ணே. ஆபீசுக்கே கூட வருவாங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெள்ளைத்தாள் எடுத்துவந்து எழுதினேன். கீழே, 'கோமதி, ஆடை வடிவமைப்பாளர், லியோன், பிரான்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஷேர் டெம்போ பிடித்து இரண்டு பேரும் போனோம். அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கடுகடுவென்று பேசவில்லை, உட்காரச் சொன்னாள், ஃபேனைப் போட்டாள். எனக்குக் கோபப்பட ஓர் ஆள்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் தொல்லை.

"மேடம், நீங்க டிசைனர்ங்கறதுக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்குதா? ஃபைல்ல வெக்கணும்."

கைபேசியில் சம்பளச் சீட்டு இருந்தது. பிரெஞ்சில்தானே இருக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று நீட்டினேன். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்திருக்கிறேன் பாருங்கள்! அந்தப் பெண், "சாருக்கு பிரெஞ்ச் தெரியும்" என்று கைபேசியோடு உள்ளே போனாள். கண்ணாடி போட்ட ஒருவர் அதைப் படித்துக்கொண்டே வெளியே வந்தார். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவராம். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி.

"வூசெத் அபியேஸ், மதாம்?" நீங்கள் அபியேஸா என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"அப்டின்னா என்ன சார்?" என்றாள் அந்தப் பெண்.

"நடிகருங்களுக்கு டிரெஸ் மாட்டி விடுவாங்கம்மா. உள்ள இருப்பாங்க. கஷ்டமான வேலை" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் என் கடிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சேகரண்ணனைப் பார்த்து, கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்:

"அப்ப இவங்களும் ஹெல்ப்பர்தானா?"

கலைஞர்தான் பரிந்துரைக்க முடியும் என்பது விதி. கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

5

வெளியே வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். நான் திட்டிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்ணை, விதியை, கண்ணாடிக்காரரை. சேகரண்ணன் இடது கையில் கிளாசைப் பிடித்துக்கொண்டு டீயைக் குடித்தார். முடித்த பிறகு கேட்டார்.

"அங்க போயும் துணிதானா?"

"ஆமாண்ணே."

"நல்லாப் பண்றியா?"

"நல்லாத்தான் பண்றேன்."

"அப்பறம் ஏன் வேற மாதிரி சொன்ன?"

"நான் சொல்லலண்ணே. பழனிதான்..."

"பழனி சொன்னான். நீ எழுதன."

டீக்கடைக்காரர் கிளாஸ்களைக் கழுவி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அபார்ட்மென்ட்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். எங்கூட வேல செஞ்ச பொண்ணு பிரான்ஸ்ல டிசைனரா இருக்குதுன்னு" என்றார். "இனிமே துணி மாத்தி வுடுதுன்னு சொல்றேன். அதுல எனக்கின்னா வெக்கம்? நான் கயிறு இழுத்தவன். ஆனா அந்தப் பொண்ணத் திட்டாத. உனக்கே வாய்ல வரல. அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டெம்போ ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழனியிடம் சண்டை போட்டேன். சம்பந்தி வீட்டில் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "கல்யாணம் முடியட்டும்க்கா, அப்பறம் நீ இன்னா வேணா சொல்லிக்கோ" என்றான். "டிரெஸ் மாட்டி வுடுறாங்கன்னா அவங்க இன்னான்னு நினைப்பாங்க?" என்னவென்று நினைப்பார்கள் என்று அவன் சொல்லவே இல்லை. பயம் மட்டும் இருந்தது அவனிடம். நான் அன்று சாயங்காலமே சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தம்மா, "அப்டியா, அங்க ரொம்ப குளிரா இருக்குமே" என்றார். இதற்காகப் பதினோரு வருடம் பொய் சொல்லியிருக்கிறோம்!

6

வாத்தியாருக்கு இப்போது எண்பது வயது இருக்கும். மூலக்குளத்திலேயே மகன் வீட்டில் இருக்கிறார். சேகரண்ணன் காவல் இருக்கும் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நான் நேரில் போனதும் மகிழ்ந்தார். உடனே கடிதம் எழுதினார். அழகான தமிழ். 'எமது குழுவின் வளர்ச்சிக்கு உறுதுணையாக இருந்து உதவியவர்' என்று எழுதியிருந்தார்.

"உதவினார்னு வேண்டாம் சார்" என்றேன். "அவர் உதவல. அவரோட வேலைய அவர் செஞ்சார்."

வாத்தியாருக்கு முகம் மாறியது. "நான் அவனை என்னைக்காவது தாழ்வா நடத்தியிருக்கேனாம்மா? எத்தனை நாள் எங்க வீட்டுல சாப்பிட்டிருக்கான்?"

"உங்க வீட்டுச் சாப்பாடு அவருக்குப் பிடிக்கும் சார். நான் கேக்கறது இந்த லெட்டர்ல என்ன எழுதறோம்னு."

கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "சரி. என்ன பேர் போடலாம்? நீயே சொல்லு."

எனக்குச் சொல்ல வரவில்லை. பிரெஞ்சில் இருக்கிறது. தமிழில் எது சொன்னாலும் இடறியது. அரங்கப் பணியாளர் என்றால் பெருக்குகிற ஆள்போல் இருந்தது. மேடை நிர்வாகி என்றால் மேசையும் மணியும் வைத்திருப்பவர்போல் இருந்தது. திரை இயக்குநர் என்றால் சினிமா. அரை மணி நேரம் தமிழ்ப் பேராசிரியரும் நானும் ஒரு மனிதருக்குப் பெயர் தேடினோம். கடைசியில் 'மேடைத் தொழில்நுட்பக் கலைஞர்' என்று எழுதினார். உதவியவர் என்பதை அடித்துவிட்டுப் பணியாற்றியவர் என்று மாற்றினார். சேலை தீப்பிடித்த சம்பவத்தையும் அவராகவே சேர்த்தார். எழுதி முடித்துவிட்டு, "அந்தப் பத்திரிகைக்காரனுக்கு நான் ஒரு மறுப்பு எழுதியிருக்கலாம்" என்றார். பழைய நடிகர் ஒருவரிடம் இரண்டாவது கடிதமும் வாங்கித் தந்தார்.

சேகரண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார். "இத்த எழுதவே கார்டு பத்தாதே!" ஆனால் இன்னொரு முறை படித்தார்.

மறுபடி அதே அலுவலகம். அதே பெண். கடிதங்களை முழுக்கப் படித்தாள். தீப்பிடித்த இடத்தில் நிமிர்ந்து சேகரண்ணனின் கையைப் பார்த்தாள். உடனே கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"மேடம், நாடகம்னு போட்டா நாலுதான் வருது" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். நடிகர், இயக்குநர், நாடக ஆசிரியர், பாடகர். "இதுல ஒண்ணு போட்டாதான் அடுத்த பக்கம் போவும்."

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குமே?"

"ஓவியத்துல இருக்குது மேடம். நாடகத்துல இல்ல."

அவளும் முயன்றாள், குறை சொல்ல முடியாது. கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் யாருக்கோ போன் செய்தார். மென்பொருளை மாற்ற மேலே எழுத வேண்டும், எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். பிறகு அந்தப் பெண் சேகரண்ணனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க என்னைக்காவது மேடைல நின்னிருக்கீங்களா சார்?"

"ஒரு வாட்டி ஆள் வரலன்னு ஈட்டி குடுத்து நிக்க வெச்சாங்க. அரண்மனைக் காவலாளி. இப்பவும் அந்த வேலதான்."

"போதும் சார். நடிகர்னு போட்டுடறேன்."

நான் கத்தினேன். அது பொய் என்றேன். இத்தனையும் செய்தது எதற்கு என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேகரண்ணன் என் பக்கம் திரும்பினார். "கோமதி, நீ அடுத்த வாரம் ஃபிளைட் ஏறிடுவ. நான் இங்க இருக்கணும்." அந்தப் பெண்ணிடம், "போட்டுக்கோம்மா" என்றார்.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அடுத்த பக்கம் வந்தது.

7

திரும்பி வந்த வாரம் இங்கே புது நாடகம். அச்சான கையேடு வந்தது. ஒளி அமைத்தவர் பெயர் இருக்கிறது, ஒலி அமைத்தவர் பெயர் இருக்கிறது. உடை மாற்றிவிடும் எங்கள் மூன்று பேர் பெயர் இல்லை. எத்தனையோ நாடகங்களில் இப்படித்தான். நான் கவனித்ததாகக்கூடக் காட்டிக்கொண்டதில்லை. இந்த முறை விளம்பரப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். இடம் போதவில்லை, இணையதளத்தில் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். இணையதளத்தில் என் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். பதில் இல்லை.

நிலா இப்போது வேறு ஊரில் படிக்கிறாள். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, இனி எந்தப் படிவத்திலும் என்னைக் கொஸ்த்யூமியேர் என்று எழுதாதே என்றேன். சரி என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு மாமா வீட்டுல எதுக்குச் சிரிச்சாங்க?" என்று தமிழில் கேட்டாள். அவள் தமிழில் பேசிக் கேட்டே பல நாள் ஆகிறது. மாட்டிவிடுவது என்றால் இன்னொரு பொருளும் உண்டு, பிறரைச் சிக்கலில் தள்ளுவது என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. "நான் ரொம்ப நாள் யோசிச்சேன், நீ ஏதோ தப்பு வேலை செய்யறியோன்னு" என்றாள் பிரெஞ்சில். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

சேகரண்ணனின் அட்டை போன மாதம் வந்தது. படம் எடுத்து அனுப்பியிருந்தார். சட்டையில் ஒரு பட்டன் போடாமல் நிற்கும் அவர் புகைப்படம், பெயர், கீழே 'நாடக நடிகர்'. வாழ்த்துச் சொன்னேன். மனம் ஒப்பாமல்தான் சொன்னேன்.

நேற்று அவரே கூப்பிட்டார். நான் சலவை அறையில் இருந்தேன்.

"கோமதி, கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்மா."

"ஏண்ணே?"

அபார்ட்மென்டில் ஏதோ விழாவாம். அட்டை விஷயம் எப்படியோ பரவி, எல்லாரும் 'நடிகர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். அதுவரை 'செக்யூரிட்டி' என்று கூப்பிட்டவர்கள். விழாவில் மைக்கைக் கையில் கொடுத்து, ஒரு வசனம் பேசுங்கள் என்றார்களாம்.

"எனக்கு எந்த வசனம்மா தெரியும்? ஒவ்வொண்ணும் எங்க முடியும்னு தெரியும். அங்கதான கயித்த வுடணும். கடைசி வரி மட்டும் தெரியும். மைக்கப் புடிச்சிக்கினு நிக்கறேன். குழந்தைங்கல்லாம் பாக்குது. அசிங்கமாப் பூட்டுது."

மறுநாள் லீவு போட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். திருத்த மனு ஒன்று வாங்கி அவரே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண், வேண்டாம் சார், இருப்பதும் போய்விடும் என்று கெஞ்சினாளாம். மனு கொடுத்தால் அட்டையை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். திருத்திய அட்டை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"அறிவிருக்காண்ணே உங்களுக்கு?" என்று கத்தினேன். "ரெண்டு வருஷத்துல அறுபது. கையில இருந்ததக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே?"

"நீதான அன்னைக்கு அப்டிக் கத்துன?"

"நான் ஆயிரம் கத்துவேன்! நீங்கதான சொன்னீங்க, நான் ஃபிளைட் ஏறிடுவேன்னு?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லல." என்றார். "அந்தப் பொண்ணு இந்த வாட்டி மனுவோட வாத்தியார் லெட்டரையும் சேத்து மேலுக்கு அனுப்புதாம். லிஸ்ட்ல ஒரு பேரு சேக்கச் சொல்லித் தனியா எழுதியிருக்குதாம். நடந்தா நடக்கட்டும். அத்த வுடு. நான் கேக்க வந்தது வேற. நீதான் நாலு எழுத்து எழுதறவ. மனுல 'திருத்தத்துக்கான காரணம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஒரு வரிதான் இடம்."

"என்ன எழுதினீங்க?"

"'நான் நடிக்கவில்லை'ன்னு எழுதனேன். அவ்ளோதான். தப்பு கிப்பு இருக்குதா அதுல?"

"இல்லண்ணே" என்றேன். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க."